தாவி

கீழத்தோப்புத்துறையில் தாவி முதன்முதலாக வெளியே வந்தது செலின் டீச்சரின் இடது புருவத்துக்குக் கீழே. அப்போது டீச்சர் பெனிட்டா பியூட்டி பார்லரின் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பார்லரின் சொந்தக்காரி தங்கபுஷ்பம் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெளியே மீன்தூள் கம்பெனி லாரி ஒன்று அழுகிய சாளை மீனின் தண்ணீரைத் தெருநெடுக ஒழுகவிட்டபடி போய்க்கொண்டிருந்தது. புளியங்கொட்டை அளவில் ஒரு சதைக்கட்டி தோலுக்கு அடியிலிருந்து மேலே வந்தது. பலாச்சுளையை உரித்தபின் கொட்டையைச் சுற்றி ஒட்டியிருக்குமே ஒரு வழவழப்பான தோல், அந்த நிறம், அந்த ஈரம். மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. நூல் பட்டதும் அது புருவத்தை விட்டுத் தாவி டீச்சரின் தாடையில் போய் உட்கார்ந்துகொண்டது. தாவுகிறபோது நூலை ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனதில், அதன் துடிப்பு நூல் வழியே ஏறித் தங்கபுஷ்பத்தின் முன்பற்களில் வந்து நின்றது. அவள் நூலைத் துப்பிவிட்டு, கைகழுவும் தொட்டிக்கு ஓடி, காலையில் தின்ற ஆப்பத்தை எல்லாம் அதில் கொட்டினாள்.

“என்னம்மா புஷ்பம், உண்டாயிருக்கியா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் டீச்சர்.

“டீச்சர், உங்க மூஞ்சில என்னமோ ஓடுது.”

டீச்சர் தாடையைத் தடவிப் பார்த்தார். “ஆமா, ஓடுது. நீ இந்தப் பக்கப் புருவத்தை முடி. கோயிலுக்கு நேரமாவுது.”

தங்கபுஷ்பத்துக்கு மனித உடம்பு என்றாலே குமட்டல். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் ஊரிலுள்ள பெண்களில் பாதிப் பேருடைய உடம்பு அவள் கைக்குக் கீழே வந்து போயிருந்தது. மூக்கின்மேல் கறுப்பாக அடைத்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, குதிகால் வெடிப்பில் பொருக்குத் தட்டிய தோல், வேர்த்து வேர்த்துக் கறுத்துப்போன அக்குள் மடிப்பு, சீவச் சீவ உதிரும் பொடுகு, மஞ்சளாகத் தடித்துப்போன கால் நகம் எல்லாவற்றையும் அவள் அறிவாள், எல்லாவற்றையும் வெறுத்தாள், அந்த வெறுப்பினால்தான் அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்தவளாக இருந்தாள். உடம்பிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டால் மிச்சம் நிற்கிறதே, அதைத்தான் அவள் அழகு என்று நினைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அது ஊர் முழுக்க வந்துவிட்டது, தாவுவதால் தாவி என்றே பெயரும் ஆகிவிட்டது. மணிக்கட்டில் இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்குத் தாவும். சில சமயம் மணிக்கட்டிலும் இருக்கும், முழங்கையிலும் இருக்கும், ஏனென்றால் தாவுகிறபோது தன்னைப் போலவே இன்னொன்றைப் பழைய இடத்தில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அதற்கு இருந்தது. வலிக்காது, அரிக்காது. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை மட்டும் அடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நஸ்ரின் பானு கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி உட்காரவைத்து விளக்கம் சொன்னார். அவர் பேசுகையில் அவருடைய கழுத்தில் ஒன்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

“இது வெளியேயிருந்து வந்த கிருமி இல்ல. மனுசன் மனுசனா ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம வம்சத்து உடம்புக்குள்ள புகுந்ததுங்க. சிலது கொல்ல வந்துது. கொல்லவும் முடியல, திரும்பிப் போகவும் முடியல. நம்ம ஒவ்வொருத்தரையும் இப்படித்தான் செய்யணும்னு உடம்புக்குள்ள ஒரு எழுத்து இருக்குல்ல, அந்த எழுத்துக்கு நடுவுல தன்னையும் எழுதிக்கிட்டு உக்காந்துருச்சு. அங்கிருந்து இங்க தாவும், தாவித் தாவிப் பெருகும். நம்ம எழுத்துல கிட்டத்தட்ட பாதி அதுங்கதான். உடம்பு எல்லாத்தையும் பூட்டித் தூங்க வச்சிருந்துச்சு. இந்த ஊர்ல மட்டும் ஏன் முழிச்சு மேல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் செய்யாது, விட்டுருங்க.”

தங்கபுஷ்பத்தின் புருஷன் கோயில்பிச்சை, ஐஸ் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், எழுந்து நின்றான். “பாதின்னா எப்படி டாக்டரம்மா? அப்போ வீட்டுக்காரன் நானா, அவனா?”

“ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ரொம்ப நாளா இருக்கீங்க, அவ்வளவுதான்.”

“வாடகை உண்டா?” என்று யாரோ கேட்க, மண்டபம் சிரித்தது. தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. தன் மடியில் கோத்து வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். அதில் பாதி தன்னுடையது இல்லை என்று எண்ணியதும் கைகளைத் தன்னைவிட்டுத் தள்ளி வைக்கத் தோன்றியது, ஆனால் வைப்பதற்கு இடமில்லை.

ஊர் பழகிக்கொண்டது. டெய்லர்கள் ரவிக்கைக்கு அளவெடுக்கையில் தாவிக்கென்று கொஞ்சம் தளர்த்தி வெட்டினார்கள், பல்லி விழும் பலன் போடுகிற காலண்டரில் பக்கத்திலேயே தாவி அமரும் பலனும் அச்சாகி வந்து, வலத் தோளில் அமர்ந்தால் வாகன யோகம் என்றும் தொப்புளில் அமர்ந்தால் உறவில் பகை என்றும் ஜனங்கள் காலையில் எழுந்ததும் தங்கள் உடம்பைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டார்கள், கல்யாணத் தரகர்கள் நட்சத்திரம் கேட்ட கையோடு தாவி எந்த இடம் என்றும் கேட்டார்கள், டீக்கடையில் கண்ணாடி கிளாஸை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் வைத்தார்கள், தேவாலயப் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற இடத்தில் கைகுவித்தால் போதும் என்று பங்குச்சாமியார் அறிவித்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகளை ஒட்டவைத்து, ஈரம் காயாத இளந்தாவியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாவவைத்துப் பந்தயம் கட்டினார்கள், முதிர்ந்து காய்ந்தது எவ்வளவு உசுப்பினாலும் இடம் பெயராது என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். கோயில்பிச்சையின் முதுகில் அப்படிக் காய்ந்த தாவிகள் நாலைந்து வரிசையாக இருந்தன. வேனிலிருந்து இறங்கியதும் சீப்பால் அவற்றைச் சொறிந்துவிட்டு, “ஆகா, என்ன சுகம்” என்பான். தங்கபுஷ்பம் அந்தச் சீப்பை அடுப்பில் போட்டுவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுத்தாள்.

அதை எடுக்கலாம் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு பெண்ணுக்குக் காலில் முடி எடுக்கச் சூடான வாக்ஸ் தடவித் துணியை ஒட்டுகிற நேரத்தில், எங்கிருந்தோ ஒரு தாவி பாய்ந்து வந்து வாக்ஸில் உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு துணியைச் சரக்கென்று இழுத்தாள். பச்சை ரப்பரைப் பல்லால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். துணியில் அது மல்லாந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு வேர், சேமியா கனத்தில், நெளிந்துகொண்டு தொங்கியது. காலில் ஒரு துளி ரத்தம்கூட இல்லை. மழமழவென்றிருந்தது தோல். அந்த மழமழப்பைத் தடவிப் பார்த்தபோது, பார்லர் திறந்த நாளிலிருந்து அவள் அறியாத ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்தது.

அதற்கப்புறம் கூட்டம் தாங்கவில்லை. பெண்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள், அவர்கள் போனபின் ஆண்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள், டாக்டர் நஸ்ரின் பானுவும் துப்பட்டாவைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் வந்தார். “ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் தங்கபுஷ்பம். “ஒண்ணும் செய்யல. ஆனா சகிக்கல,” என்றார் டாக்டர். அந்தப் பதில் தங்கபுஷ்பத்துக்குப் பிடித்திருந்தது. உருவியதை எல்லாம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் போட்டாள். மாலையில் வாளிக்குள் சாம்பல் நிறத்தில் சளிபோல ஒரு திரள் கட்டி நிற்கும், அதன் வேர்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மேலே நுரை தள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கொண்டுபோய் மீன்தூள் கம்பெனிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவாள். அந்தச் சாக்கடையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் போலிருக்கும்.

ஊரையே சுத்தமாக்கியவளின் உடம்பில் ஒன்று மிச்சம் இருந்தது. நாக்குக்கு அடியில்.

வாய்க்குள் வாக்ஸ் போட முடியாது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தாள், மஞ்சளை வைத்து அழுத்தினாள், ஒருமுறை டெட்டாலைக்கூட ஊற்றியதில் வாய் வெந்துபோனது. அது அசையவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கியது. சோறு தின்னும்போது ஒவ்வொரு கவளமும் முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் தொண்டைக்குப் போயிற்று. வாய்க்குள்ளே எப்போதும் நனைந்துகொண்டே இருந்ததால் அது முதிரவுமில்லை, காயவுமில்லை. யாருக்கும் அவள் சொல்லவில்லை. தனியாகச் சாப்பிட்டாள், தனிச் செம்பில் தண்ணீர் குடித்தாள், பேசும்போது வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். மகராசி எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

பார்லருக்குப் பெயராக இருந்த பெனிட்டா அவளுடைய ஒரே மகள். கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இருந்த குமட்டல் மகளுக்குக் கிடையாது. தட்டில் ஈ விழுந்தால் ஈயை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற ரகம். கழுத்தடிக் காறை எலும்பின் குழியில் அவளுக்கு ஒரு தாவி இருந்தது. பாட்டுக் கேட்கும்போது அது தாளத்துக்கு ஏறி இறங்கும். மற்றதை எல்லாம் அம்மா உருவுவதற்கு விட்டவள், அதை மட்டும் விடவில்லை. திருநெல்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலையில், தங்கபுஷ்பம் வாக்ஸ் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்மா. உன்னை என்ன செஞ்சுது அது?”

“பாக்க வாரவங்க என்ன நினைப்பாங்க? நாறுதுட்டி.”

“எனக்கு நாறல.”

“உனக்கு எதுதான் நாறிச்சு? ஊரு பூரா தொடச்சு விட்டவ, பெத்த பொண்ண அசிங்கமா வச்சிருக்கான்னு பேசணுமா? வா இங்க.”

பெனிட்டா கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் இழுத்தாள். மற்றவர்களுக்கு வந்ததைப்போல வேர் உடனே வரவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். கடைசியில் எங்கோ ஆழத்திலிருந்து அறுந்துகொண்டு வந்தது. பெனிட்டா, “ஏதோ அணைஞ்ச மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காரச்சேவும் மஸ்கோத் அல்வாவும் சாப்பிட்டார்கள், பெண்ணின் கழுத்தைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மீன்தூள் கம்பெனிச் சாக்கடை பொங்கி, கறுத்த தண்ணீர் தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்து, கட்டில் கால் முழுக நின்றது. அது வடிந்தபின் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்று சொல்வதே தப்பு, ஏனென்றால் யாருக்கும் உடம்பு சுடவில்லை. அதுதான் அந்த நோயின் அருவருப்பு. காலில் முள் குத்திய புண் இருந்தால் அது சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. தண்ணீரில் ஊறிய ரொட்டிபோலச் சும்மா இளகிக்கொண்டே போனது. படுத்தவர்கள் முனகவில்லை. உதட்டில் ஈ உட்கார்ந்தால் விரட்டவில்லை. புளித்த கஞ்சியைக் கொடுத்தாலும் விழுங்கினார்கள், கசப்பு மருந்தைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள், படுக்கையிலேயே போனதில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எதையும் வேண்டாம் என்று சொல்ல அந்த உடம்புகளுக்குத் தெரியவில்லை. முதலில் செலின் டீச்சர் செத்துப்போனார். அவர் வாய்க்குள் எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்ததைக் கண்டவர்கள் பல நாள் சோறு தின்னவில்லை.

பெனிட்டாவும் படுத்தாள். கோயில்பிச்சைக்கும் வந்தது, அவனுக்கு ஒரு பகல் உடம்பு கொதித்தது, வாந்தி எடுத்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான், மறுநாள் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பந்தயம் கட்டிய பிள்ளைகளுக்கும் அப்படித்தான். யாருக்கெல்லாம் தாவி இருந்ததோ அவர்கள் எழுந்து நடந்தார்கள். யாரெல்லாம் பெனிட்டா பியூட்டி பார்லருக்கு வந்து போனார்களோ அவர்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் கட்டில் கட்டிலாகக் கிடந்தார்கள். ஊருக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. யாரும் தங்கபுஷ்பத்தை ஏசவில்லை. அவள் ஹாலுக்குள் வந்தபோது நகர்ந்து வழிவிட்டார்கள், அவ்வளவுதான். குப்பை வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி.

டாக்டர் நஸ்ரின் பானு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைவிரலில் பிளேடு கீறிய ஒரு காயம், வெளுத்துப்போய், வாய் பிளந்தபடி இருந்தது.

“எனக்கும் வந்துட்டு இருக்கு,” என்றார். “விரல்ல வலியே இல்ல. உக்காருங்க, சொல்றேன். ரத்தத்துல வெள்ளை அணுக்கள்னு காவல்காரங்க இருக்காங்க. புதுசா ஒருத்தன் உள்ள வந்தா, வந்துட்டான் வந்துட்டான்னு மணி அடிக்கணும். அடிச்சாத்தான் உடம்பு சுடும், வீங்கும், எதிர்க்கும். அந்த மணியை உடம்பு புதுசா வாங்கல. பழைய காலத்துல உள்ள வந்து உக்காந்துச்சுல்ல, அதுங்களோட துண்டுகளையே எடுத்து அங்கங்க மணியா கட்டிக்கிச்சு. நாம அதை வேரோட உருவிட்டோம். நானும்தான் உருவிக்கிட்டேன். படிச்சிருந்தேன், ஞாபகத்துக்கு வரல. கண்ணாடியில பார்த்தா அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு.”

“திரும்ப வைக்க முடியாதா?”

“ஒரு உடம்பிலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும். ஆனா ஈரமானது வேணும். உங்க வீட்டுக்காரர் வந்து மகளோட முதுகை ஒட்டிப் படுத்துப் பார்த்தாரு. நகரல. பிள்ளைங்களோடதும் காய்ஞ்சிருச்சு.”

தங்கபுஷ்பம் டாக்டரின் முன்னால் குனிந்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே அது வெளிச்சம் பட்டதும் சுருங்கி, எச்சில் மினுங்க, மறுபடி விரிந்தது. எத்தனையோ பிணங்களை அறுத்துப் பார்த்த அந்த டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“வாயோட வாய் வைக்கணும்,” என்றார் திரும்பிப் பார்க்காமலே.

“என்னால முடியாது.”

“பெத்த பிள்ளைம்மா.”

“பெத்த பிள்ளைன்னாலும் வாய்தானே. அவ பல்லைப் பாத்தீங்களா? ஒரு வாரமா வெளக்கல. பாசி பிடிச்சிருக்கு.” சொல்லும்போதே அவளுக்கு எதுக்களித்தது. “கொழந்தையில அவ மூக்கைக்கூட நான் வாய் வச்சு உறிஞ்சினதில்ல. துணியாலதான் தொடச்சேன்.”

டாக்டர் தன் வெளுத்த விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவளை வயித்துல சுமந்தீங்கல்ல, நஞ்சுக்கொடின்னு ஒண்ணு வந்துது, ஞாபகம் இருக்கா? உங்க ரத்தத்துக்கும் அவ ரத்தத்துக்கும் நடுவுல இருந்த சவ்வு. அந்தச் சவ்வை ஒட்டுற பசை இருக்கே, அது நம்ம வம்சம் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல. இதே மாதிரி ஒரு கிருமி எப்பவோ கொண்டுவந்து விட்டது. அது இல்லன்னா உங்க மக உங்க வயித்துல ஒட்டியே இருக்க மாட்டா.”

ஆறுதலாகத்தான் சொன்னார். தங்கபுஷ்பம் ஹாலுக்கு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிரசவ அறையில் நர்ஸ் தட்டில் தூக்கிக் காட்டிய அந்தக் கருஞ்சிவப்புப் பிண்டம் நினைவுக்கு வந்தது, அதன் மேல் மினுமினுத்த சவ்வு நினைவுக்கு வந்தது, தான் சுத்தம் என்று நம்பியிருந்த ஒரே காரியத்திலும் இந்த அழுக்குக் கை வைத்திருக்கிறது என்று நினைத்தபோது, வயிற்றில் ஒன்றுமில்லாமல் பித்தநீர் மட்டும் வந்தது, அதோடு சேர்ந்து தாவியும் வந்துவிடுமோ என்று பயந்து அவள் சட்டென்று வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்படி மூடியதில்தான் அவளுக்கே தெரிந்தது, அதை அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று. வாயில் வந்த கசப்பை எல்லாம் விழுங்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பட்டப்பகல். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பெனிட்டா சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, கண்ணோரம் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் ஈயை ஓட்டிவிட்டு, மகளின் தாடையை அழுத்தி வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து தேங்கிய குட்டையின் வாடை வந்தது. அவள் மூக்கை மூடிக்கொள்ளவில்லை, மூடினால் மூச்சுக்கு வாயைத் திறக்க வேண்டியிருக்கும். கோயில்பிச்சை பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். “புஷ்பம், வேகமா முடிச்சிரு,” என்றான். வேகமாக முடிகிற காரியமாக அது இல்லை. உதட்டோடு உதடு பதித்து நாக்கைத் தூக்கினாள். தாவி நகரவில்லை. மகளின் எச்சில் அவள் வாய்க்குள் வந்தது, கொழகொழவென்று, குளிர்ந்து. அவள் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள், ஆனால் வாயை எடுக்கவில்லை. ஜன்னல் வெயில் அவள் முதுகிலிருந்து நகர்ந்து தரைக்குப் போகிறவரை எடுக்கவில்லை. அப்புறம் நாக்கடியில் ஏதோ இறுகி, உருண்டு, பல்லில் ஒரு மிதி மிதித்துவிட்டு அந்தப் பக்கம் போனது. தடவிப் பார்த்தாள். பழைய இடத்தில் அதன் பிள்ளை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பேசினை வாங்கி அதில் குமட்டிக் குமட்டித் துப்பினாள். நிமிர்ந்தபோது, பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா கைகுவித்து நின்றுகொண்டிருந்தாள்.

“எக்கா. எம் பொண்ணுக்கும்.”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு புருஷன் நின்றான், அவனுக்குப் பின்னால் ஒரு தங்கச்சி நின்றாள், ஹாலின் கதவுவரை ஆட்கள் நின்றார்கள். தங்கபுஷ்பம் கோயில்பிச்சையைப் பார்த்தாள். அவன் தலை குனிந்து பேசினைக் கழுவக் கொண்டுபோனான்.

ஈறு கரைந்த வாய்களும் பொய்ப்பல் கழற்றிய வாய்களும் வெற்றிலைக் காவி ஏறிய வாய்களும் இருந்தன, பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்த நாக்குகள் இருந்தன, கருவாட்டு வாடையும் பீடி வாடையும் பசித்த வயிற்றின் புளித்த வாடையும் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் அவள் குனிந்தாள், ஒவ்வொன்றிலிருந்தும் நிமிர்ந்து வாந்தி எடுத்தாள், வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். பழகிவிடும் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். பழகவில்லை. அடுத்த வாய் முந்தின வாயைவிட அதிகமாகக் குமட்டியது. தாவிதான் பழகிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சீக்கிரமாகத் தாவியது. டாக்டர் நஸ்ரின் பானு தன் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க, நான் காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல, வாய் நாறும்,” என்றார். “எல்லாருக்கும் நாறத்தான் செய்யுது,” என்றாள் தங்கபுஷ்பம். இரண்டு பேருக்குத் தாவி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவர்களில் ஒருவருக்கு உயிர் போய்விட்டது என்று, வாயை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

பெனிட்டாவைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. கோயில்பிச்சைதான் இடையிடையே போய் மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்து தலையை ஆட்டினான். இன்னும் சுடவில்லை. தலையை ஆட்டினான். சுடவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கடைசிக் கட்டில்களுக்கு வந்திருந்தாள். மீன் ஏலக்காரர் மிக்கேல் அவற்றில் ஒன்றில் கிடந்தார். கூறு கூறாகப் புகையிலை அடக்கி அடக்கிக் கடைவாய் கறுத்துப் புண்ணாகியிருந்த மனிதர். அந்தப் புண்ணிலிருந்து பழுப்பாக ஒரு நீர் தாடைக்கு வழிந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள், குனிந்தாள், அவர் வாயில் வாயை வைத்தாள்.

“ச்சீ!”

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்தது குரல். கரகரத்து, கோபமாக.

“ச்சீ, அம்மா! என்னம்மா பண்ணுத அந்தாளு வாயில? என் வாயெல்லாம் ஒரு மாதிரி நாறுது… எவ இந்தப் போர்வையைப் போட்டது? உவ்வே…”

கோயில்பிச்சை ஓடும் சத்தம் கேட்டது. “சுடுது! ஏ புஷ்பம், கொதிக்குதுட்டி பிள்ளைக்கு, நெருப்பா கொதிக்குது!” என்று அவன் கத்தினான். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து அந்தக் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்கள். பெனிட்டா ஒரு கையை ஊன்றிக் கட்டிலில் சரிந்து, அப்பா நீட்டிய பேசினைத் தள்ளிவிட்டு, தரையெல்லாம் தெறிக்க வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்ததும் அம்மாவை ஒருமுறை பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், தோளைக் குலுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

தங்கபுஷ்பம் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. மிக்கேலின் வாயை விட்டால் பாதியில் நின்றுவிடும். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் கன்னத்தில் சொட்ட, நாக்கைத் தூக்கிக்கொண்டு, அது தாவட்டும் என்று காத்திருந்தாள்.